பதினாறு பேர் போனது யாருக்கும் தெரியல

குறுவை நடவு முடிஞ்சு இன்னிக்கு ஒன்பதாம் நாள். பயிர் பச்சை பிடிச்சிடுச்சு. வழக்கமா இந்த நேரத்துல களையைப் பத்தியோ, முதல் மேலுரத்தைப் பத்தியோ எழுதுவேன். இந்த வாரம் அது இல்லீங்க. கொஞ்சம் கோவமா எழுதப் போறேன். பொறுத்துக்குங்க.

போன வியாழக்கிழமை டீக்கடையில எட்டு பேர் உக்காந்திருந்தோம். மேலத்தெரு சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அந்த வங்காளத்துப் பயலுவ இன்னும் கொட்டாயிலதான் கெடக்கானுவளா? எனக்கு ரெண்டு மா நடவு பாக்கி நிக்குது."

ஒருத்தர் இருக்காங்கன்னார். இன்னொருத்தர், போன வாரமே ஒக்கநாடு பக்கம் போயிட்டதா கேள்வின்னார். அவங்க ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கே ஊருக்குக் கெளம்பிட்டாங்கன்னு நான் சொன்னேன். சித்தப்பா டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, "சொல்லாம கொள்ளாம போயிட்டானுவளா?"ன்னார்.

எனக்கு சுருக்குன்னு வந்துடுச்சு. பதினாறு பேர். பழைய ரைஸ் மில் கொட்டகையில இருபத்திரெண்டு நாள் படுத்துக் கெடந்து, நம்ம ஊருல மட்டும் அறுபது ஏக்கருக்கு மேல நட்டுட்டுப் போயிருக்காங்க. போயி நாலு நாள் ஆகியும் யாருக்கும் தெரியல. "யாருட்ட சொல்லிட்டுப் போவணும் சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

அவருக்குப் பதிலா பக்கத்துல இருந்த மாப்ள பேசுனார். அவரும் என்னை மாதிரி சிங்கப்பூர்ல இருந்து வந்தவர்தான். "பொழைக்க வந்தவன் வேலை முடிஞ்சா போவான். இதுல என்ன வழியனுப்பு மயிரு? நீ வந்தப்ப ஒனக்கு அங்க மேளம் அடிச்சா அனுப்புனாங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அங்க பதில் வரல. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பதிலைத்தான் இங்க எழுதறேன்.

2007 தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட நான் சிங்கப்பூர் போனேன். ஸ்கில் டெஸ்ட் அடிச்சு, ஏஜெண்டுக்கு ரெண்டரை லட்சம் கட்டி, அதுல ஒண்ணே முக்கால் லட்சம் வட்டிக்கு வாங்கினது. அன்னிக்கு இந்த ஊரு என்னை எப்படி அனுப்புச்சுன்னு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. மாரியம்மன் கோயில்ல சூடம் காட்டி, நெத்தியில விபூதி பூசி, கையில எலுமிச்சம்பழம் கொடுத்தாங்க. ஒரு வேன் நெறய ஆளு திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்துச்சு. கெளம்பறப்ப நான் வாய்தவறி "போறேம்மா"ன்னுட்டேன். அம்மா அழுதுகிட்டே அதட்டுச்சு: "போறேன்னு சொல்லாதடா. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

நம்ம ஊருக்கு ஆளை அனுப்பத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நல்லாத் தெரியும். யாரை அனுப்பறதுங்கறதுலதான் வித்தியாசம் இருக்கு.

அங்க போயி பதினாலு வருஷம் இருந்தேன். நாளைக்கு பதினெட்டு வெள்ளி சம்பளத்துல ஆரம்பிச்சேன். முதல் ஆறு வருஷம் முஸ்தபா கடைக்குப் பின்பக்கம் ஒரு கடைவீட்டு மாடி. ஒரே ரூம்ல இருபது பேர். அதுக்கப்புறம் துவாஸ்ல டார்மிட்டரி. விடியக்காலம் லாரியில ஏத்துவாங்க. விடியறதுக்கு முந்தி வந்த கேட்டரிங் சாப்பாட்டை மத்தியானம் பிரிச்சா பாதி நாள் புளிச்சிருக்கும். இதெல்லாம் நம்ம ஊருல ஏற்கனவே பத்து பேருக்குத் தெரிஞ்ச கதை. நான் சொல்ல வந்தது அதை இல்ல.

அந்தப் பதினாலு வருஷத்துல எனக்கு அக்கம்பக்கம்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் இங்க யாரும் ஒத்துக்க மாட்டேங்கறீங்க.

கடைவீட்டுக்குக் கீழ கோப்பிக்கடை வச்சிருந்தார் ஒரு சீன அங்கிள். எழுபது வயசு இருக்கும். நான் படியில எறங்கற சத்தம் கேட்டாலே கோப்பி ஓ கலக்க ஆரம்பிச்சிடுவார். "தம்பி"ங்கற ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிஞ்ச தமிழ். 2010-ல எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூணு வாரம் படுத்தப்ப, தினம் ஒரு போத்தல்ல பார்லி தண்ணி ஊத்திக் கொடுத்து விட்டார். காசு வாங்கல. நான் துவாஸுக்கு மாறின பிறகும் ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போனா அவர் கடையில உக்காராம வர மாட்டேன்.

டார்மிட்டரியில எனக்குக் கீழ்க் கட்டில் ஒரு பங்களாதேஷ் பாய். மைமன்சிங் பக்கம் கிராமம். அவரும் விவசாயிதான். அவங்க ஊருல மழைக்கு நட்டு கார்த்திகை வாக்குல அறுக்கற நெல்லுக்கு ஆமன்னு பேரு, நம்ம சம்பா மாதிரி. பனிக்காலத்துல தண்ணி எறைச்சு நடறது போரோ. ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு நாங்க ரெண்டு பேரும் பேசினதுல முக்கால்வாசி நெல்லுதான். அவரு சூப்பர்வைசருங்ககிட்ட கத்துக்கிட்ட தமிழ்ல பேசுவார், நான் அவருகிட்ட கத்துக்கிட்ட வங்காளத்துல பேசுவேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னை எப்படி சாஞ்சுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க அப்பா வச்ச நூத்திப் பத்து மரத்துல தொண்ணூத்தாறு போச்சு. ஊருக்கு போன் கெடைக்கல. வீடு இருக்கா, அம்மா இருக்கான்னு தெரியாம ரெண்டு நாள் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாம் நாள் பாய் ஒரு கவரைக் கையில திணிச்சார். ரூம்ல இருந்த பன்னெண்டு பேர்கிட்டயும் வசூல் பண்ணி அறுநூத்தி நாப்பது வெள்ளி. அதுல ஏழு பேர் பங்களாதேஷ்காரங்க. தென்னை மரம் சாஞ்சா ஒரு குடும்பத்துக்கு என்ன ஆவும்னு அவங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கல.

2020 ஏப்ரல்ல டார்மிட்டரியெல்லாம் பூட்டினாங்க. அந்த வருஷ டிசம்பர்ல அரசாங்கமே சொன்ன கணக்கு, விடுதியில இருந்த தொழிலாளர்கள்ல 47 சதவீதம் பேருக்கு கொரோனா தொத்தியிருந்துச்சு. வைத்தியத்துக்கு எங்ககிட்ட காசு வாங்கல, சாப்பாடு வந்துச்சு. அதையும் சொல்லணும். ஆனா ஊரு பூரா திறந்து எல்லாரும் கடை கண்ணிக்குப் போன பிறகும் எங்களுக்கு மட்டும் வேலைக்கு லாரி, வேலை முடிஞ்சா டார்ம், அவ்வளவுதான். தேக்கா பக்கம் எட்டிப் பாக்க முடியாது.

அப்படி இருக்கறப்ப, 2021 பிப்ரவரியில ஒரு திங்கக்கிழமை கம்பெனியில கூப்பிட்டு, பர்மிட் புதுப்பிக்கல, வெள்ளிக்கிழமை திருச்சி பிளைட்டுன்னு சொன்னாங்க. பதினாலு வருஷத்தை மூட்டை கட்ட நாலு நாள். எனக்கு வர வேண்டிய காசு எல்லாம் சரியாத் தந்துட்டாங்க. அதுல குறை சொல்ல மாட்டேன். கோப்பிக்கடை அங்கிளைப் பாத்துட்டு வரணும், ஒரு மணி நேரம் அனுமதி கொடுங்கன்னு கேட்டேன். "அவர் உனக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. சொல்றதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல. சொந்தமா? இல்ல. முதலாளியா? இல்ல. பர்மிட் அட்டையில அக்கம்பக்கத்தாருன்னு ஒரு இடம் கிடையாது.

அனுமதி கெடைக்கல. அவருகிட்ட போன் நம்பரும் நான் வாங்கி வச்சதில்ல. வாரா வாரம் பாக்கறவருக்கு நம்பர் எதுக்கு? எனக்கு என்ன ஆச்சுன்னு அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. கொரோனாவுல செத்துட்டேன்னு கூட நெனச்சிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில பாய்க்கு ஷிப்டு. அஞ்சு மணிக்கு லாரி. நான் மதியம் கெளம்பறேன். கேட்டு வரைக்கும் கூட நடந்தேன். லாரியில ஏறறதுக்கு முந்தி என் தோளைப் புடிச்சு, "ஆஷி, பாய். பாலோ தேக்கோ"ன்னார். பாலோ தேக்கோன்னா நல்லா இரு. ஆஷின்னா என்ன தெரியுமா? "வர்றேன்"னு அர்த்தம். அவங்க ஊருலயும் கெளம்பறப்ப போறேன்னு சொல்றது ஆகாது. வர்றேன்னுதான் சொல்லணும். எங்க அம்மா அதட்டிச் சொன்ன அதே பேச்சு, வேற பாஷையில.

மாப்ள கேட்ட கேள்விக்கு இதான் பதில். எனக்கு மேளம் அடிக்கல. ஒரே ஒரு ஆளு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்னார். அது போதும், அதை வச்சுக்கிட்டுத்தான் நான் இந்த ஊருல திரும்ப நிமிந்து நடக்கறேன். அது கூட இல்லாம வந்தவன் எத்தனை பேரு!

சரி, ஊருக்கு வந்தேன். முதல் ரெண்டு வாரம் வீட்டுல தனியா அடைஞ்சு கெடந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. "கோடாலித் தைலம் கொண்டாந்தியா?" "எவ்வளவு சேத்த?" "திரும்பப் போவியா, இங்கயே இருந்துடுவியா?" "நகை எத்தனை பவுனு?" வந்தவங்கள்ல ஒருத்தர் கூட, "அங்க யாரையெல்லாம் விட்டுட்டு வந்த?"ன்னு கேக்கல. எங்க அம்மா உட்பட.

நானா எடுத்துச் சொன்னா, "பொழைக்கப் போன எடத்துல என்னடா ஒறவு? அதான் சொந்த மண்ணுக்கு வந்துட்டியே"ன்னு வாயை அடைச்சாங்க. எங்க பெரிய தாத்தா ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறி பினாங்கு போனவர். திரும்பி வந்து திண்ணையில உக்காந்து, அங்க பக்கத்து வீட்டுல இருந்த ஒரு மலாய்க் குடும்பத்தைப் பத்தி ஓயாம பேசுவாராம். வீட்டுல அதுக்கு "மலாயாப் புராணம்"னு பேர் வச்சு, அவரு ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுவாங்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச வீட்டுல வளந்தவன் நான். அவரு அந்தத் திண்ணையில என்ன தேடினார்னு எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசுலதான் புரிஞ்சுது.

இதுல ரெண்டு அநியாயம் இருக்கு. தனித்தனியா சொல்றேன்.

முதலாவது, போன நாட்டோடது. சிங்கப்பூரைத் திட்டணும்னு எழுதல. அந்த ஊரு எங்களுக்குச் சோறு போட்டுச்சு, தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துச்சு, வீட்டுக்கு மேல தளம் போட்டுச்சு. ஆனா அதோட சட்டத்தைப் பாருங்க. ஒவ்வொரு பர்மிட் ஆளுக்கும் கம்பெனி 5,000 வெள்ளி பிணை கட்டி வைக்கணும், மலேசியாக்காரங்களைத் தவிர. குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாது. அந்த ஊருப் பொண்ணைக் கட்டணும்னா அரசாங்க அனுமதி வேணும். எத்தனை வருஷம் உழைச்சாலும் பர்மிட்டுல இருக்கறவன் நிரந்தரவாசத்துக்கு மனு போட முடியாது. நான் இருந்தப்ப, இத்தனை வருஷத்துக்கு மேல பர்மிட்டே கெடையாதுன்னு ஒரு உச்சவரம்பும் இருந்துச்சு. 2025 ஜூலையில அதை எடுத்துட்டாங்க, நல்லதுதான். ஆனா அடிப்படை மாறல. பதினாலு வருஷம் இருந்தவனும் பதினாலு நாள் இருந்தவனும் காகிதத்துல ஒண்ணுதான். நீ இங்க வேலை செஞ்சே, ஆனா இங்க வாழலன்னு அந்தச் சட்டம் சொல்லுது. வாழாதவனுக்கு எதுக்கு வழியனுப்பு?

ரெண்டாவது அநியாயம் நம்மளோடது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தினேன். அந்தச் சட்டத்தை எழுதினவங்க யாரோ எவரோ. நம்ம ஊருல அப்படி ஒரு சட்டமே இல்ல. ஆனா யாரும் எழுதாமலே நாம அதை அப்படியே நடத்திக்கிட்டு இருக்கோம்.

என்னையே முதல்ல சொல்லிடறேன். 2022-ல மேட்டூரை மே 24-லயே திறந்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல நாத்து விட்டுட்டோம். ஆள் கெடைக்கல. ஏஜெண்ட் ஒருத்தர் மூலமா வங்காளத்து ஆளுங்களை நம்ம ஊருக்கு முதல்ல கூட்டிட்டு வந்ததுல நானும் ஒருத்தன். நாத்துப் பறிச்சு நடறது வரைக்கும் ஏக்கருக்கு 4,500 ரூபாய்னு பேச்சு. மூணு ஏக்கரையும் ஒரே நாள்ல நட்டு முடிச்சாங்க. கயிறு புடிச்ச மாதிரி வரிசை. நான் வரப்புல நின்னு போட்டோ எடுத்தேன். இங்க போட்டும் இருந்தேன். பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் படத்துல ஒரு முகமும் தெரியாது. குனிஞ்ச முதுகுதான்.

காசை ஏஜெண்ட் கையில கொடுத்தேன். மறுநாளோ அதுக்கு மறுநாளோ அவங்களை டாடா ஏஸ்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. பதினாலு வருஷம் லாரிப் பின்னால உக்காந்து போனவன் நான், சரக்கு வண்டியில ஆளை ஏத்தறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். பேரு கேக்கல. எந்த ஜில்லான்னு கேக்கல. எனக்கு அவங்க பாஷை தெரியும்ங்கறதுதான் இதுல கேவலம்.

அன்னிக்கு ராத்திரி இமோவுல பாய்கிட்ட பெருமையா சொன்னேன்: "உங்க பாஷைக்காரங்கதான் இன்னிக்கு என் வயல்ல நட்டாங்க." அவர் சந்தோஷமா, "அப்படியா! பேரு என்ன? எந்த ஜில்லா?"ன்னார். எனக்குப் பேச்சு வரல. அவரும் மேற்கொண்டு கேக்கல.

அதுக்கு அடுத்த வருஷம், 2023 ஜூன் 2. ஒடிசாவுல பாலாசோர் பக்கம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதிச்சே, 290 பேருக்கு மேல செத்தாங்களே, அந்த விபத்து. அது சென்னைக்கு வந்துக்கிட்டிருந்த வண்டி. மேட்டூர் திறக்கப் பத்து நாள் இருக்கு. நம்ம ஏஜெண்ட் மூலமா வர்றவங்க அந்த வண்டியிலதான் வருவாங்க, அதுவும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில. மறுநாள் காலையில டிவியைப் பாத்துட்டு நான் போனைக் கையில எடுத்தேன். யாருக்கு அடிக்கறது? ஒரு பேரு தெரியாது. ஒரு நம்பர் கெடையாது. ஏஜெண்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். என் வயல்ல நட்டவங்க உசுரோட இருக்காங்களா இல்லையான்னு கேக்க எனக்கு ஒரு வழியும் இல்ல. கோப்பிக்கடை அங்கிள் என்னைத் தேடினா அவருக்கு என்ன வழி இருந்திருக்குமோ, அதே வழிதான் எனக்கும்.

பத்து நாள் கழிச்சு வந்தாங்க. அந்த வண்டியில அவங்க வரல. முந்தின வருஷம் வந்த பதினாறுல பதினாலு பேர் வந்திருந்தாங்க. மீதி ரெண்டு பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டதா சொன்னாங்க. அன்னிக்குத்தான் கொட்டகையில போயி உக்காந்து பேசினேன். முர்ஷிதாபாத் ஜில்லா. ஒருத்தருக்கு சொந்தமா ஒண்ணரை பிகா நெலம் இருக்கு. இன்னொரு பையன் பன்னெண்டாவது படிச்சவன். நோட்டுல பதினாலு பேர் பேரும் நம்பரும் எழுதிக்கிட்டேன். எழுதறப்ப எனக்குக் கை கூசிச்சு.

இப்ப டீக்கடையில பேசற பேச்சுக்கு வர்றேன்.

"அவன் கூலிக்கு வந்தான், கூலி வாங்கினான், போனான்"ங்கறீங்க. நம்ம புள்ளைங்க எதுக்குப் போயிருக்காங்க? சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத்னு நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான். அவனை அங்க ஒருத்தன் ஆளா மதிக்கலன்னா இங்க நமக்கு நெஞ்சு கொதிக்குது. அந்தக் கொதிப்பு ரைஸ் மில் கொட்டகை பக்கம் போனா மட்டும் ஏன் ஆறிப் போவுது?

"பாஷை தெரியாதவன்கிட்ட என்ன பேசறது"ங்கறீங்க. ஏக்கருக்கு ஐநூறு ரூபாய் கொறைக்கறதுக்கு மட்டும் எந்த பாஷையில பேசினீங்க?

"வடக்கன் வந்து நம்ம வேலையைப் புடுங்கறான்"ங்கற பேச்சும் வந்துச்சு. 2023 மார்ச்சுல வெளிமாநில ஆளுங்களை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, திருப்பூர்ல எல்லாம் பயந்து ரயிலேறினாங்களே, அந்தப் பொய் அவ்வளவு சுலபமா ஏன் எடுபட்டுச்சு? இந்த மாதிரிப் பேச்சு நம்ம வாயில இருக்கறதாலதான்.

ஆனா இதுல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். தெற்குத் தெரு அக்காமாருங்க நடவு வேலை போச்சு. நெசந்தான். ஆனா அதைப் புடுங்கினது முர்ஷிதாபாத்துக்காரன் இல்ல. அவன் தானா நடந்து வரல. ஏஜெண்டுக்கு போன் போட்டது நான், நீங்க. அவங்க கூலி கொஞ்சம் ஏத்திக் கேட்டப்ப கணக்குப் பாத்தது நாம. முப்பது வருஷம் எங்க வயல்ல எங்க அப்பா காலத்துலேர்ந்து நடவு நட்ட குழு அது. 2022-ல, இந்த வருஷம் உங்களைக் கூப்பிடலன்னு நேர்ல போயி ஒரு வார்த்தை கூட நான் சொல்லல. அவங்க வரப்புல வந்து, வேற ஆளு நட்டுக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. சிங்கப்பூர்ல எனக்கு நாலு நாளாவது முன்கூட்டியே சொன்னாங்க. நான் அவங்களுக்கு அது கூட சொல்லல. இப்ப ஒரு ஏக்கர் நடவும், மூணு ஏக்கருக்கும் களையெடுப்பும் அவங்களுக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன். அதுல அந்த அக்கா மன்னிச்சிடுச்சுன்னு நான் நெனச்சுக்கல.

ஒருத்தரை வழியனுப்பறதுல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான். நீ இங்க இருந்தே, உன் கை பட்டு இந்த வயலு வெளஞ்சுது, நீ இல்லாதது எங்களுக்குத் தெரியும்னு ஒத்துக்கறது அது. அதை ஒத்துக்கிட்டா அப்புறம் அவனைத் தண்ணி வராத கொட்டகையில படுக்கப் போட முடியாது, ஏஜெண்ட் கமிஷன் போக மிச்சம் என்ன வந்துச்சுன்னு கேக்காம இருக்க முடியாது. அதனாலதான் நாம பேரு கேக்கறதில்ல. கேட்டா செலவு வரும்னு நமக்குத் தெரியும்.

1979-லயே மத்திய அரசு சட்டம் போட்டுச்சு. வெளிமாநிலத்துலேர்ந்து அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூட்டிட்டு வந்து வேலை வாங்கற காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கணும், போக வர பயணப்படி கொடுக்கணும், தங்க இடம் கொடுக்கணும்னு. நம்ம கொட்டகையை அந்தச் சட்டத்தோட வச்சுப் பாருங்க. நான் சட்டம் பேச வரல. சட்டம் இல்லாமலே செய்யக் கூடியதைச் சொல்றேன்.

சம்பா நடவுக்கு புரட்டாசியில அவங்க மறுபடி வருவாங்க. வந்தன்னிக்கே பேரும் நம்பரும் எழுதி வைப்போம், வயலுக்காரங்க ஒவ்வொருத்தரும். கூலியை ஏஜெண்ட் கையில மொத்தமா கொடுக்காம, அவங்க எல்லாரும் நிக்கறப்ப, எவ்வளவுன்னு கேக்கற மாதிரி சொல்லிக் கொடுப்போம். கொட்டகைக்கு ஒரு குழாயும் ரெண்டு கக்கூசும் போடணும், அறுபது ஏக்கர்க்காரங்க பிரிச்சுக்கிட்டா ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் கூட வராது. போறப்ப சரக்கு வண்டி வேண்டாம், வேன் வைப்போம். போறதுக்கு முந்தின ராத்திரி ஒரு வேளை சோறு, நம்ம வீட்டுல சமைச்சது. நம்ம வயல்ல நட்டவங்களுக்கு நம்ம அரிசியில ஒரு பிடி போடலன்னா அப்புறம் என்ன விவசாயி?

அந்த ஞாயித்துக்கிழமை காலையில நான் ஏற்பாடு பண்ண வேன்லதான் கெளம்பினாங்க. சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல சாப்பாடு, கெண்டைக் குழம்பு. மீனு இருந்தா அவங்களுக்கு வேற எதுவும் வேண்டாம். தெருவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. பதினாறு பேர் என் வாசல்ல உக்காந்து சாப்பிட்டதைப் பாத்தவங்க எத்தனையோ பேரு. வியாழக்கிழமை டீக்கடையில மட்டும் எட்டுல ஏழு பேருக்குத் தெரியல.

வேன் கெளம்பறப்ப, இருக்கறதுலயே மூத்தவர் கையைப் புடிச்சு "ஆஷி, தாதா"ன்னார். தாதான்னா அண்ணன். நான் தமிழ்லதான் சொன்னேன், போயிட்டு வாங்கன்னு. அவருக்கு அது புரிஞ்சுது.

சித்தப்பா இதைப் படிப்பார்னு தெரியும், அவர் பேரன் படிச்சுக் காட்டுவான். கோவிச்சுக்காதீங்க சித்தப்பா. உங்க ரெண்டு மாவுக்கு தெற்குத் தெருவுல ஆள் இருக்கு. நேர்ல போயி கூப்பிடுங்க, வருவாங்க. புரட்டாசியில கொட்டகைக்கு நீங்களும் வாங்க. நோட்டு என்கிட்ட இருக்கு, பேரு சொல்லி அறிமுகம் பண்ணி வைக்கறேன்.

மோட்டார் போடற நேரம் ஆச்சு. அடுத்த வாரம் களையைப் பத்தி எழுதறேன். வர்றேன்.